தொலைவில் தெரியும் சிகரத்தின் படத்துக்கு வரைபடத்தில் எந்த இடத்தைக் கொடுப்பது?

நீர்நிழல்

அனைவருக்கும் வணக்கம். நான் எடுத்த நிலக்காட்சிப் படங்களை வரைபடத்தோடு இணைத்து ஒரு தொகுப்பாக்கி வருகிறேன். பெரும்பாலான படங்களில் சிக்கல் எழவில்லை. ஆற்றங்கரையில் நின்று அதே ஆற்றை எடுத்திருந்தால் புள்ளியை எங்கே வைத்தாலும் சில மீட்டர்தான் வித்தியாசம் வரும். ஒரு படம் மட்டும் முடிவுக்கு வரவிடாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறது.

ஏரிக்கரையில் நின்று 200 மி.மீ. லென்ஸில் எடுத்த படம் அது. முன்னால் ஏரி, நடுவில் காடு மூடிய ஒரு குன்றுத்தொடர், அதற்கும் பின்னால் பனி மூடிய சிகரம். நான் நின்ற கரையிலிருந்து குன்றுத்தொடர் ஏறத்தாழ 7 கி.மீ., சிகரம் ஏறத்தாழ 19 கி.மீ. என்று வரைபடத்தில் அளந்து வைத்திருக்கிறேன். படத்தைப் பார்க்கிற எவர் கண்ணும் முதலில் சிகரத்துக்குத்தான் போகும். ஏரி வெறும் கீழ்விளிம்பாகவே இருக்கிறது. ஆனால் நான் பயன்படுத்தும் செயலி ஒரு படத்துக்கு ஒரே ஒரு புள்ளியைத்தான் ஏற்றுக்கொள்கிறது. கேமரா இருந்த கரையைக் கொடுப்பதா, சிகரத்தைக் கொடுப்பதா? இரண்டுக்கும் நடுவில் வைத்துவிடலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். அது சரியாகப் படவில்லை. ஆனால் ஏன் சரியில்லை என்று அவருக்கு விளக்க எனக்கு வரவில்லை.

வடமுள்

வணக்கம், நீர்நிழல். நடுப்புள்ளி யோசனையை முதலில் தள்ளிவிடுவோம். அந்த இடத்தில் கேமராவும் இருக்கவில்லை, சிகரமும் இல்லை. வரைபடத்தை நம்பி அங்கே போகிறவருக்கு உங்கள் குன்றுத்தொடரின் ஏதோ ஒரு சரிவும் சில மரங்களும்தான் தெரியும். படத்தில் உள்ள காட்சி அங்கிருந்து தெரியவே தெரியாது.

மீதமுள்ள இரண்டில் என் வாக்கு கேமரா இருந்த இடத்துக்கே. கேமரா நின்ற இடம் ஒன்றே ஒன்றுதான். அதை மீட்டர் கணக்கில் சொல்லலாம், வேறொருவர் அங்கே போய் நின்று சரிபார்க்கவும் செய்யலாம். படத்தில் இருப்பது எது என்ற கேள்விக்கோ அப்படி ஒற்றை விடை கிடையாது. நீங்கள் சிகரம் என்கிறீர்கள். காட்டை ஆராய்கிறவர் நடுவில் உள்ள குன்றுத்தொடர் என்பார். ஏரியின் நீர்மட்டம் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று பார்க்கிறவருக்கு, நீங்கள் கீழ்விளிம்பு என்று ஒதுக்கிய பகுதிதான் படமே. கையளவு பொருளை எடுத்தால் பொருளின் இடமும் கேமராவின் இடமும் ஒன்றாகிவிடும், விவாதத்துக்கே வேலையில்லை. நிலக்காட்சியில் கரையிலிருந்து அடிவானம் வரையில் உள்ள நிலம் முழுவதும் ஒரு சட்டத்துக்குள் வருகிறது. அத்தனையையும் ஒருங்கே சேர்த்துப் பிடிக்கும் புள்ளி, பார்த்த கண் இருந்த புள்ளி மட்டுமே.

இதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று உண்டு. கரையின் அட்சரேகை, தீர்க்கரேகையோடு கேமரா எந்தத் திசையை நோக்கியிருந்தது என்பதும் தெரிந்தால், வரைபடத்தில் ஒரு கோடு இழுத்து அந்தக் கோட்டின் மேல் வரும் சிகரத்தை எவரும் கண்டுபிடித்துவிடலாம். சிகரத்தை மட்டும் கொடுத்துவிட்டுக் கரையைக் கண்டுபிடிக்கச் சொன்னால் முடியாது, ஏனென்றால் அந்தச் சிகரம் தெரியும் இடங்கள் சுற்றிலும் பல நூறு சதுர கிலோமீட்டரில் பரவிக் கிடக்கின்றன. ஆல்ப்ஸ் மலையில் உள்ள மாட்டர்ஹார்ன் சிகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரிஃபெல்சே என்ற சிறு ஏரியில் அதன் நிழல் விழும் காட்சியை உலகமெங்கும் பலர் பார்த்திருப்பார்கள். ஏரிக்கும் சிகரத்துக்கும் இடையே ஏறத்தாழ 8 கி.மீ. இருக்கிறது. அந்தப் படங்களையெல்லாம் சிகரத்தில் கொண்டுபோய் வைத்தால், 4,478 மீட்டர் உயரத்தில் படங்கள் குவிந்து கிடக்கும். அவற்றில் ஒன்றுகூட அங்கே எடுக்கப்பட்டிருக்காது. போதாததற்கு அந்தச் சிகரம் சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையிலான எல்லையின் மேலேயே நிற்கிறது. எந்த நாட்டின் படம் என்று எழுதுவது என்ற புதுத் தலைவலியும் சேர்ந்துகொள்ளும்.

ஏடுகாப்பான்

நண்பர் வடமுள் சொல்வதெல்லாம் படம் எடுத்தவர் நின்று பார்க்கும் பார்வை. ஆயிரக்கணக்கான படங்களை வகைப்படுத்தி வைத்து, தேடி வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் மறுபக்கத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வரைபடத்தில் ஒருவர் சிகரத்தின் மேல் விரலை வைத்தால் அவர் கேட்பது சிகரத்தின் படம். நல்ல படம் ஒன்று 19 கி.மீ. தள்ளி ஒரு கரையில் புள்ளியாகக் கிடந்தால் அது அவர் கண்ணில் படவே படாது. அதே நேரத்தில் கரையில் விரல் வைக்கிறவர் கரை எப்படி இருக்கிறது, இறங்க வழி உண்டா, மரநிழல் உண்டா என்று பார்க்க வந்திருப்பார். அவருக்குக் கரையே இல்லாத ஒரு படத்தை நீட்டுகிறோம். இப்படி இருவரையும் ஏமாற்றுகிற ஏற்பாட்டைச் சரியென்று எப்படிச் சொல்வது?

பெரிய அளவில் இதைச் செய்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனையும் அயர்லாந்தையும் 1 கி.மீ. சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் நிலப்படங்களைச் சேர்க்கும் ஜியோகிராஃப் திட்டம் 2005 முதல் நடந்து வருகிறது. அங்கே ஒரு படம் எந்தக் கட்டத்துக்குரியது என்பதைத் தீர்மானிப்பது படத்தில் உள்ள முக்கியப் பொருளின் இடம்தான். எடுத்தவர் நின்ற இடத்தையும் பார்த்த திசையையும் தனியே சேர்த்துக்கொள்ளலாம். பொருள் எது என்பதில் சண்டை வரும் என்று வடமுள் அஞ்சுகிறார். அங்கே எடுத்தவரே முக்கியப் பொருள் இன்னது என்று சொல்லிவிடுகிறார், வேலை நடக்கிறது.

தொலைவு கூடக்கூட என் வாதம் வலுப்படும் என்றே நினைக்கிறேன். 2016இல் பிரனீஸ் மலைத்தொடரின் ஃபினஸ்ட்ரெல் சிகரத்திலிருந்து ஆல்ப்ஸ் மலையின் காஸ்பார் சிகரத்தை ஒருவர் படம் பிடித்தார். இடைவெளி 443 கி.மீ. அதில் தெரிவதெல்லாம் உதயத்துக்கு முன் வானத்தில் கறுப்பாகத் தெரியும் ஆல்ப்ஸ். வடமுள் சொல்லும் விதிப்படி அந்தப் படம் பிரனீஸுக்குப் போகும். பிரனீஸைத் தேடுகிறவருக்கு அதனால் என்ன பயன்?

வடமுள்

நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் அது என் பக்கம் நிற்கிறது. அந்தப் படத்தில் எது பெருமை? ஆல்ப்ஸ் சிகரத்தின் கறுப்பு வடிவமா? அதைவிட நூறு மடங்கு தெளிவான படங்கள் அருகிலிருந்து எடுக்கப்பட்டிருக்கின்றன. ஃபினஸ்ட்ரெல்லில் நின்றால் காஸ்பார் தெரிகிறது என்பதுதான் அந்தப் படத்தின் முழு மதிப்பும். அதை ஆல்ப்ஸில் வைத்தால் சுமாரான படங்களில் ஒன்றாகிவிடும்.

தேடுகிறவர் சிகரத்தின் பெயரைத் தட்டச்சு செய்தால் தலைப்பிலும் குறிச்சொல்லிலும் உள்ள பெயர் படத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். கரைக்குப் பெயரே இருக்காது. பெயரால் சொல்ல முடிகிறதைப் பெயரால் சொல்லிவிட்டு, எண்ணால் மட்டுமே சொல்லக்கூடியதற்கு எண்ணைக் கொடுப்பதுதானே முறை?

கோணமானி

இரு தரப்பும் இடத்தை எழுதும் ஒற்றைக் கட்டத்துக்காகப் போராடுவதைப் பார்க்கிறேன். அந்த ஒற்றைக் கட்டம் நீர்நிழல் பயன்படுத்தும் செயலியின் குறைபாடு. படக்கோப்பின் குறைபாடு அன்று. இதைச் சற்றுப் பிரித்துச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

கேமராவும் கைப்பேசியும் கோப்புக்குள் எழுதும் எக்ஸிஃப் தகவலில் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் ஆகியவற்றோடு கேமரா நோக்கிய திசைக்கும் 0 முதல் 359.99 பாகை வரை எழுத ஓர் இடம் இருக்கிறது. அந்தத் திசை உண்மை வடக்கிலிருந்து அளந்ததா, காந்த வடக்கிலிருந்து அளந்ததா என்று குறிக்கவும் வழி உண்டு. பலர் அறியாத ஒன்று, நோக்கப்பட்ட இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, தொலைவு ஆகியவற்றுக்கும் அதே தரநிலையில் தனிக் கட்டங்கள் இருப்பது. ஆக, கரையையும் சிகரத்தையும் ஒரே கோப்பில் சேர்த்து எழுத ஏற்பாடு இருக்கிறது. பயன்படுத்துகிற மென்பொருள்கள்தான் மிகக் குறைவு. செய்தி நிறுவனங்கள் பின்பற்றும் ஐபிடிசி தரநிலையிலும் ‘லொக்கேஷன் கிரியேட்டட்’ (படம் எடுத்த இடம்) என்று ஒன்றும் ‘லொக்கேஷன் ஷோன்’ (படத்தில் தெரியும் இடம்) என்று ஒன்றும் தனித்தனியாகவே வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய பழைய கட்டங்களில் நகரம், மாநிலம், நாடு என்று மட்டும் இருந்ததால், அது கேமரா இருந்த இடமா, படத்தில் தெரியும் இடமா என்ற குழப்பம் நீடித்தது. விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா பொதுவகத்திலும் கேமராவின் இடத்தை எழுத ஒரு வார்ப்புரு (ஆயத்த படிவம்), பொருளின் இடத்துக்கு வேறொரு வார்ப்புரு. அங்கே அடைமொழி எதுவும் இல்லாமல் ‘இடம்’ என்று இருப்பது கேமராவின் இடத்தையே குறிக்கிறது என்பதையும் ஏடுகாப்பான் கவனிக்க வேண்டும்.

இந்த இரட்டைப் பதிவு எவ்வளவு இயல்பானது என்பதற்கு விண்வெளியிலிருந்து ஒரு சான்று. பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து வீரர்கள் எடுக்கும் பூமிப் படங்களை நாசா பட்டியலிடும்போது, எடுத்த கணத்தில் நிலையத்துக்கு நேர் கீழே இருந்த புள்ளியையும் படத்தின் மையத்தில் தெரியும் நிலப்புள்ளியையும் வேறு வேறாகக் கொடுக்கிறது. நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் இருக்கிறது, சாய்வாக நோக்கும்போது அந்த இரண்டு புள்ளிகளும் பல நூறு கிலோமீட்டர் விலகி நிற்கலாம்.

இப்போது துல்லியம் பற்றி. திறந்த வானத்தின் கீழ் ஒரு கைப்பேசியின் ஜிபிஎஸ் பொதுவாக 5 மீட்டருக்குள் சரியாகக் காட்டும். திசைகாட்டி அப்படியில்லை. கையில் உள்ள உலோகம், அருகில் நிற்கும் வாகனம், கைப்பேசி உறையின் காந்தம் ஆகிய எதுவும் அதைப் பத்துப் பாகை திருப்பிவிடக்கூடும். 19 கி.மீ. தொலைவில் 1 பாகை பிழை என்பது பக்கவாட்டில் ஏறத்தாழ 330 மீட்டர். 10 பாகை என்றால் 3 கிலோமீட்டரைத் தாண்டிவிடும், பக்கத்துச் சிகரத்துக்கே போய்விடலாம். ஆகவே திசைகாட்டி சொல்வதை அப்படியே எழுதுவதைவிட, கரைப்புள்ளியையும் அடையாளம் தெரிந்த சிகரத்தையும் வரைபடத்தில் கோட்டால் இணைத்துத் திசையைக் கணக்கிட்டு எழுதுவது மேல். அடையாளம் காண்பதுகூட இன்று கடினமில்லை. நிலத்தின் உயரத் தரவைக் கொண்டு ஓரிடத்திலிருந்து தெரியும் மலைமுகடுகளை வரைந்து பெயரோடு காட்டும் செயலிகள் கிடைக்கின்றன.

இலக்கங்களிலும் ஒரு நிதானம் வேண்டும். பாகையில் எழுதும் அட்சரேகையில் தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் என்றால் வடக்கு தெற்காக ஏறத்தாழ 11 மீட்டர். ஐந்து என்றால் 1 மீட்டரைச் சற்றுத் தாண்டும். நினைவிலிருந்து கை வைத்த புள்ளிக்கு ஏழு இலக்கம் எழுதி வைக்கும் பழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது. அது சென்டிமீட்டர் கணக்கு.

நீர்நிழல்

மிக்க நன்றி. வாதம் எனக்கு ஓரளவு தெளிவாகிவிட்டது. கரையின் பக்கம் சாய்கிறேன். ஆனால் ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். என் கேமராவில் ஜிபிஎஸ் இல்லை. அந்த ஏரிக்கரை நீளமானது. இன்ன பகுதியில் நின்றேன் என்று நினைவிருக்கிறது, சரியாக எந்த இடம் என்று தெரியாது. சிகரத்தின் இடமோ வரைபடத்தில் அச்சடித்ததுபோல் இருக்கிறது. நான் உறுதியாக அறிந்த ஒன்றை விட்டுவிட்டு, குத்துமதிப்பான ஒன்றைக் கொடுப்பது முரணாக இல்லையா?

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குன்றுத்தொடரின் மேல் ஒரு தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கிறது. அதன் உச்சி, பின்னால் உள்ள சிகரத்துக்கும் அதன் இடத்தோளுக்கும் இடையே உள்ள பள்ளத்துக்கு நேர் கீழே வருகிறது. இது ஏதாவது பயன்படுமா?

கோணமானி

பயன்படுமா என்று கேட்கிறீர்கள். உங்கள் கேள்விக்கு விடையே அதுதான். படத்தில் இரண்டு பொருள்கள் ஒன்றின் பின் ஒன்றாக ஒரே நேர்க்கோட்டில் தெரிந்தால், கேமராவும் அதே கோட்டில்தான் இருந்திருக்க வேண்டும். வரைபடத்தில் பள்ளத்தையும் கோபுரத்தையும் இணைத்து அந்தக் கோட்டை ஏரியின் பக்கம் நீட்டுங்கள். வழக்கமாக இப்படிப்பட்ட இன்னொரு ஜோடியைத் தேடி இரண்டாவது கோடு இழுத்து, இரண்டும் வெட்டும் இடத்தைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு அந்த வேலை மிச்சம். கரையில் நின்றீர்கள் என்பது உறுதியாதலால் கரையே இரண்டாவது கோடு. நீட்டிய கோடு கரையைத் தொடும் இடம்தான் நீங்கள் நின்ற இடம்.

இது எவ்வளவு நுட்பமானது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் கரையில் 10 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்திருந்தால், 7 கி.மீ. தொலைவில் உள்ள கோபுரம் 19 கி.மீ. தொலைவில் உள்ள பள்ளத்தைவிடச் சற்று அதிகமாக நகர்ந்து தெரியும். அந்த வேறுபாடு 0.05 பாகைதான். முழுச்சட்டக் கேமராவில் 200 மி.மீ. லென்ஸ் கிடைமட்டமாக ஏறத்தாழ 10 பாகையைப் பிடிக்கும். படத்தின் அகலம் 6,000 பிக்சல் என்றால் அந்த 0.05 பாகை 30 பிக்சலாக விரிகிறது. கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். தொலைவுக் காட்சியை இழுத்துப் பிடிக்கும் லென்ஸ், நீங்கள் நின்ற இடத்தையும் அதே துல்லியத்தோடு பிடித்து வைத்திருக்கிறது.

ஓர் எச்சரிக்கை: வரைபடத்தில் கோபுரத்தின் இடத்தை 10 மீட்டர் தவறாக எடுத்தால் கரையில் அது ஏறத்தாழ 16 மீட்டராகப் பெருகும். ஆகவே கோபுரத்தைச் செயற்கைக்கோள் படத்தில் அதன் நிழலைக் கொண்டல்லாமல் அடித்தளத்தைக் கொண்டு குறியுங்கள். பள்ளத்தில் உள்ள பிழை அவ்வளவு படுத்தாது. அது கரைக்கு வரும்போது சுருங்கிவிடும்.

மற்றவர்களுக்கு ஒரு சொல். ஜிபிஎஸ் இல்லாத கேமராவோடு கைப்பேசியில் பாதையைப் பதிவு செய்துகொண்டே நடந்து, பிறகு நேரத்தை ஒப்பிட்டு இடத்தை ஏற்றலாம். ஆனால் கேமராவின் கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினாலும் நடப்பவருக்கு 80 மீட்டரும், 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியிலிருந்து எடுப்பவருக்கு ஒரு முழு கிலோமீட்டரும் தள்ளிவிடும்.

வடமுள்

கோணமானி சொன்ன முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மேற்குப் பகுதியின் நில ஆய்வுகளுக்காக எடுக்கப்பட்ட படங்களை, 1977 முதல் 1979 வரை ஒளிப்படக் கலைஞர் மார்க் கிளெட்டும் அவருடைய குழுவினரும் அதே இடங்களில் நின்று மீண்டும் எடுத்தார்கள். முன்னால் உள்ள பாறைக்கும் பின்னால் உள்ள முகட்டுக்கும் இடையே பழைய படத்தில் தெரிந்த இடைவெளி அப்படியே தெரியும் வரையில் கேமராவை நகர்த்தி நகர்த்தி அந்தப் புள்ளியைக் கண்டார்கள். நூறாண்டுகளில் ஆறு எவ்வளவு ஒதுங்கியது, மரம் எவ்வளவு வளர்ந்தது என்று ஒப்பிட முடிந்தது அதனால்தான். பொருளின் இடம் மட்டும் தெரிந்திருந்தால் அந்த ஒப்பீடு நடந்திருக்காது.

இன்னொன்று: அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற ஊரின் மேல் நிலவு எழுவதை எடுத்த படம். எந்த நாளில் எடுத்தார் என்பது அவருக்கே உறுதியாகத் தெரியாமல், வெவ்வேறு ஆண்டுகளைச் சொல்லி வந்தார். 1991இல் வானியல் எழுத்தாளர் டென்னிஸ் டி சிக்கோ அது 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் என்று கணக்கிட்டுச் சொன்னார். அதற்கு அவர் ஊரின் அட்சரேகையை வைத்துக்கொண்டு உட்காரவில்லை. பழைய சாலையின் ஓரத்தில் கேமரா நின்ற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கிருந்து மலைகளுக்கு மேல் நிலவு எந்த உயரத்தில் நிற்கும் என்று பார்த்தார். படத்தின் பெயர் ஊரைச் சொல்கிறது. கணக்குக்கு உதவியது சாலையோரம். பெயருக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று என்று நான் முன்பு சொன்னதும் இதைத்தான்.

ஏடுகாப்பான்

நீர்நிழல் கேட்ட முரண் தீர்ந்துவிட்டதில் மகிழ்ச்சி. என் நிலைப்பாட்டை முழுவதும் கைவிட நான் ஆயத்தமாக இல்லை. ஆனால் ஓரிடத்தில் வடமுள்ளோடு சேர்ந்துகொள்கிறேன். நான் பார்க்கும் தொகுப்புகளில் புள்ளி ஒரு நாட்டிலும் தலைப்பு இன்னொரு நாட்டிலும் இருந்தால் சோதனை மென்பொருள் அதைத் தவறு என்று கொடி காட்டும். ஊழியர் ஒருவர் புள்ளியைத் ‘திருத்தி’விடுவார். நயாகராவில் இது அடிக்கடி நடக்கக்கூடியது. அமெரிக்கக் கரையில் விழும் அமெரிக்க அருவியை நேருக்கு நேர் பார்க்க வேண்டுமென்றால் ஆற்றின் கனடாக் கரையில் நிற்க வேண்டும். கேமரா கனடாவில், அருவி அமெரிக்காவில். இரண்டும் சரி. ஆகவே ஒற்றைப் புள்ளி கொடுக்கிறவர், அது எதனுடைய புள்ளி என்பதைக் குறிப்பில் ஒரு வரியாவது எழுதியே தீர வேண்டும். எழுதாமல் விட்டால் பின்னால் வருகிறவர் தம் மனத்தில் உள்ள விதிப்படி அதை நகர்த்துவார், அவருக்கும் பின்னால் வருகிறவர் திரும்ப நகர்த்துவார்.

நான் விட்டுக்கொடுக்காத இடம் வானூர்திப் படம். விமான சன்னலோரம் அமர்ந்து கீழே தெரியும் ஆற்று வளைவை எடுத்தால், விமானம் இருந்த புள்ளியால் யாருக்கு என்ன பயன்? யாரும் அங்கே போய் நிற்கப்போவதில்லை. அங்கே வடமுள் தம் விதியைத் தளர்த்துவாரா?

வடமுள்

தளர்த்துவேன். செங்குத்தாகக் கீழ்நோக்கி எடுத்ததானால் இரண்டு புள்ளிகளும் வரைபடத்தில் ஒன்றின் மேல் ஒன்று விழுந்துவிடும். சாய்வாக எடுத்ததானால் தெரியும் நிலத்தின் புள்ளியையே கொடுக்கலாம், நீங்கள் சொன்ன ஒருவரிக் குறிப்போடு. ட்ரோனுக்கு இந்தச் சலுகை கிடையாது. அது எங்கே மிதந்தது என்று ஜிபிஎஸ்ஸே எழுதிவிடுகிறது. வேறொருவர் அதே உயரத்துக்கு மீண்டும் பறக்கவிடவும் முடியும். கீழே கட்டுப்பாட்டுக் கருவியோடு நின்றவருடைய இடத்தை எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு எந்தத் தரப்பின் வாதமும் துணை நிற்காது.

சரிவுப்பாதை

இதுவரையில் பேசாத ஒன்றைச் சுருக்கமாகச் சேர்க்கிறேன். கேமரா இருந்த இடத்தைத் துல்லியமாகக் கொடுப்பது சில படங்களுக்குத் தீங்காக முடியும். நின்ற இடம் உங்கள் வீட்டு மாடியாக இருக்கலாம், அல்லது அருகில் அரிய பறவையின் கூடு இருக்கலாம். பார்த்த உயிரினங்களை மக்கள் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் இடத்தை 0.2 பாகை நீள அகலமுள்ள ஒரு கட்டத்துக்குள் எங்கோ என்று மங்கலாக்கிக் காட்டுகிறது; வடக்கு தெற்காக அது ஏறத்தாழ 22 கி.மீ. இலக்கங்களைக் குறைத்து எழுதுவது எளிய வழி. ஆனால் புள்ளியை வேண்டுமென்றே வேறிடத்தில் வைக்காதீர்கள். மங்கலானது என்று தெரிந்த புள்ளியால் கெடுதல் இல்லை. பொய்யான புள்ளியை நம்பி ஒருவர் பள்ளத்தாக்கில் இறங்கிவிடுவார்.

இன்னொரு கேள்விக்கும் யாரும் வரவில்லை. பொருளே இல்லாத நிலக்காட்சிகள்? கடலும் வானமும் மட்டும் உள்ள படத்தில் பொருளின் இடம் எது? 2 மீட்டர் உயரத்தில் கண் இருந்தால் அடிவானம் 5 கி.மீ. தொலைவில், 100 மீட்டர் குன்றின் மேல் நின்றால் 36 கி.மீ. அந்த நீர்ப்பரப்பில் எந்த இடத்தைத் தொடுவது என்று ஏடுகாப்பான் விளக்க வேண்டும்.

ஏடுகாப்பான்

விளக்க மாட்டேன், அங்கே கேமராவின் இடம்தான்.

நீர்நிழல்

கோணமானி சொன்னபடி செய்து பார்த்துவிட்டேன். செயற்கைக்கோள் படத்தில் கோபுரத்தின் அடித்தளம் தெளிவாகத் தெரிந்தது. பள்ளத்திலிருந்து அதன் வழியாக இழுத்த கோடு, நான் நினைத்திருந்த கரைப்பகுதிக்குள்ளேயே, ஒரு சிறு ஓடை ஏரியில் கலக்கும் இடத்துக்குச் சற்று வடக்கே கரையைத் தொட்டது. அந்த ஓடையைத் தாண்டிய பிறகுதான் முக்காலியை நிறுத்தினேன் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. ஈரக் காலோடு நின்றேன்.

செயலியில் அந்தக் கரைப்புள்ளியை நான்கு தசம இலக்கங்களோடு கொடுத்திருக்கிறேன். தலைப்பின் முதல் சொல் சிகரத்தின் பெயர். ஏடுகாப்பானுக்காகக் குன்றுத்தொடரின் பெயரையும் குறிச்சொற்களில் சேர்த்தேன். குறிப்பில், ‘புள்ளி கேமரா இருந்த இடம், பார்வை வரைபடத்தில் கணக்கிட்ட திசையில், சிகரம் 19 கி.மீ. தொலைவில்’ என்று எழுதி, சிகரத்தின் ஆள்கூறையும் கோப்புக்குள் உள்ள தனிக் கட்டத்தில் ஏற்றிவிட்டேன். செயலி அதைக் காட்டாவிட்டாலும் கோப்பை வேறிடத்துக்குக் கொண்டுபோகும்போது உடன் வரும் அல்லவா?

கடைசியாக ஒன்று. அதே ஏரியில் மெதுவாக நகரும் படகிலிருந்து வரிசையாகப் பல படங்கள் எடுத்து, ஒன்றாக ஒட்டி ஓர் அகலக்காட்சி செய்திருக்கிறேன். முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையே படகு ஏறத்தாழ 60 மீட்டர் நகர்ந்திருக்கும். இதற்குக் கேமராவின் இடம் எது?

கோணமானி

உடன் வரும்; ஆனால் சில செயலிகள் ஏற்றுமதியின்போது இடத்தகவலை உரித்துவிடுகின்றன, ஒரு முறை ஏற்றிப் பார்த்துச் சோதித்துவிடுங்கள்.

அகலக்காட்சிக்கு நடுப்படம் எடுத்த இடத்தைக் கொடுங்கள். ஒட்டுகிற மென்பொருள் பெரும்பாலும் முதல் படத்தின் தகவலையே நகலெடுத்து வைத்திருக்கும், அதைக் கையால் மாற்ற வேண்டியிருக்கும். குறிப்பில் இருபுறமும் 30 மீட்டர் என்று சேர்த்துவிட்டால் போதும். இங்கே நடுப்புள்ளி வைப்பதில் தவறில்லை, படகு அந்த இடத்தைக் கடந்துதான் போயிருக்கிறது.